வன்முறைக் குழுக்களின் பரவலும் சமூகத்தின் பங்கும்: தீவகத்தை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

க.பொ.த (சாதாரண தரம்) – குடியியற் கல்வி – துணை வாசிப்பு



முரண்பாடு என்பது மனித வாழ்வில் தவிர்க்க முடியாதது எனவும், அதனைத் தீர்க்கும் முறையிலேயே ஒரு சமூகத்தின் பண்பு வெளிப்படுகின்றது எனவும் நீங்கள் வகுப்பில் கற்றிருப்பீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதனைச் சார்ந்த தீவுகளிலும் வாழும் எமக்கு இது வெறும் பாடமல்ல. வாள்வெட்டு, வீடு புகுந்து தாக்குதல், மோட்டார் சைக்கிள்களில் வந்து அச்சுறுத்தல் முதலிய செய்திகள் போர் முடிவுற்ற பின்னரும் எமது பத்திரிகைகளில் இடம்பெற்று வருகின்றன. இவற்றில் சந்தேகநபர்களாகக் கைது செய்யப்படுவோருள் பெரும்பாலானோர் இளைஞர்கள். சிலர் உங்களைவிட இரண்டொரு வயதே மூத்தவர்கள். ஆகவே இவ்விடயத்தைப் பரீட்சைக்காக மட்டுமன்றி உங்கள் வாழ்க்கைக்காகவும் விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

இக்கட்டுரையைக் கற்றபின் நீங்கள் பின்வருவனவற்றைச் செய்யக்கூடியவராக இருத்தல் வேண்டும்.

• வன்முறைக் குழு என்றால் என்ன என விளக்குதல்
• அது பரவும் காரணங்களை வகைப்படுத்துதல்
• குழுவாகச் செய்யும் குற்றம் தொடர்பான சட்ட நிலையைக் கூறுதல்
• குடும்பம், பாடசாலை, கிராமம் என்பன செய்யக்கூடியவற்றை உதாரணங்களுடன் எழுதுதல்

1. வன்முறைக் குழு என்றால் என்ன?

நண்பர்கள் பலர் ஒன்றாகச் சேர்ந்திருப்பது வன்முறைக் குழு ஆகாது. விளையாட்டுக் கழகமும் ஒரு குழுவே. பிறரை அச்சுறுத்துவதன் மூலமோ தாக்குவதன் மூலமோ பணம், செல்வாக்கு, பழிவாங்கல் ஆகியவற்றை நாடுவதற்காக ஒன்றுசேர்ந்து இயங்கும் கூட்டமே வன்முறைக் குழு எனப்படும். இத்தகைய குழுக்களில் பொதுவாகப் பின்வரும் இயல்புகளைக் காணலாம்.

(அ) ஒரு பெயர் அல்லது அடையாளம் இருத்தல்
(ஆ) ஒருவருக்கு நேர்ந்த அவமானத்தை முழுக் குழுவுக்கும் நேர்ந்ததாகக் கொள்ளல்
(இ) பொலிசாருக்குத் தகவல் கூறுபவரைத் துரோகியாகக் கருதுதல்
(ஈ) விலக நினைப்பவரை விலக விடாது தடுத்தல்

இவற்றுள் நான்காவது மிக முக்கியமானது. சேருவது இலகு, விலகுவது கடினம் என்பதே இக்குழுக்களின் பொது விதியாகும்.

2. எமது பிரதேசத்தில் நிகழ்ந்தவை

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் உள்நாட்டுப் போர் முடிவுற்றது. அதன் பின்னரான ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் சிறு சிறு குழுக்கள் தோன்றின. அவற்றுள் அதிகம் பேசப்பட்டது ‘ஆவா’ குழு ஆகும். 2014 ஜனவரியில் அக்குழுவைச் சேர்ந்தோர் எனக் கூறப்பட்ட இளைஞர்கள் கைது செய்யப்பட்டபோது அப்பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டின்போது உயிரிழந்தனர். அதனைத் தொடர்ந்து சுன்னாகத்தில் பொலிஸ் புலனாய்வு அலுவலர் இருவர் வாளால் வெட்டப்பட்டனர். 2017 ஜூலையில் கோப்பாயில் பொலிசார் இருவர் வெட்டுக்கு உள்ளாகினர். கைதுகள் பல நடைபெற்ற போதிலும் வாள்வெட்டு முற்றாக நின்றுவிடவில்லை.

தீவகத்தையும் இப்பிரச்சினை தொட்டுள்ளது. 2024 மார்ச்சில் காரைநகருக்குச் சென்று திரும்பிய இளந்தம்பதியினர் பொன்னாலைப் பகுதியில் ஒரு குழுவினால் வழிமறித்துக் கடத்தப்பட்டனர். கணவர் வெட்டுக் காயங்களுடன் உயிரிழந்தார்.

இவற்றுக்கு முன்னர், 2015 மே 13 ஆந் திகதி காலையில் புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட உயர்தர மாணவி ஒருவர், ஒன்றுசேர்ந்த சிலரால் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். இது வாள்வெட்டுக் குழு ஒன்றின் செயலன்று. ஆயினும் பலர் கூடித் திட்டமிட்டுச் செய்த குற்றம் என்ற வகையில் இங்கு நோக்கப்பட வேண்டியதாகும். ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றில் ஆரம்பித்த இவ்வழக்கு, பின்னர் மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகளைக் கொண்ட விசேட மன்றினால் யாழ்ப்பாணத்தில் விசாரிக்கப்பட்டது. 2017 செப்டெம்பர் 27 இல் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிரதான சந்தேகநபர் தப்பிச் செல்ல உதவிய குற்றத்துக்காக முன்னாள் உயர் பொலிஸ் அதிகாரி ஒருவருக்கு 2025 இல் வவுனியா மேல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

இந்நிகழ்விலிருந்து இரண்டு பாடங்களைக் கற்கலாம். முதலாவது, நீதி தாமதித்தாலும் சாட்சி கூற முன்வந்தோரால் அது சாத்தியமாயிற்று. இரண்டாவது, கோபம் நியாயமானதாக இருப்பினும் அது வழிதவறலாம். 2015 மே 20 இல் யாழ்ப்பாண நகரில் நடைபெற்ற எதிர்ப்பின்போது நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல்லெறியப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். நீதி கேட்டு வந்தவர்களுட் பலர் தாமே வழக்குகளில் அகப்பட்டுக் கொண்டனர்.

3. வன்முறை பரவுவது எவ்வாறு?

உலக சுகாதார நிறுவனம் 2002 இல் வெளியிட்ட வன்முறையும் சுகாதாரமும் பற்றிய அறிக்கையில், வன்முறையை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக நோக்குமாறு கூறியது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் தொற்றுநோய் மருத்துவரான கரி ஸ்லட்கின் என்பவர் 2000 ஆம் ஆண்டளவில் இக்கருத்தைச் செயலிற் காட்டினார். நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவது போல, வன்முறையும் அதனைக் கண்டவருக்கும் அனுபவித்தவருக்கும் தொற்றுகின்றது என்பது அவரது கருத்தாகும்.

இதனை விளங்கிக்கொள்வதற்குப் பின்வரும் கற்பனை நிகழ்வை நோக்குக.

தீவகத்தின் இரு அயற்கிராமங்களுக்கு இடையில் உதைபந்தாட்டப் போட்டி நடைபெறுகின்றது. நடுவரின் தீர்ப்பு ஒன்றினால் வாக்குவாதம் ஏற்பட்டு, ஒருவர் மற்றவரின் கன்னத்தில் அறைகின்றார். அதனை ஒருவர் கைத்தொலைபேசியில் படம்பிடித்து ஏளனச் சொற்களுடன் பரப்புகின்றார். அறை வாங்கியவரை நண்பர்கள் “இதுக்குப் பிறகும் பேசாம இருக்கிறியோடா?” என உசுப்பேற்றுகின்றனர். ஒரு கிழமையின் பின் கோயில் திருவிழாவில் கைகலப்பு ஏற்படுகின்றது. தோற்ற தரப்பினர் நகரிலுள்ள தெரிந்த ‘அண்ணன்’ ஒருவருக்கு அழைப்பெடுக்கின்றனர். அன்றிரவு முகம் மூடிய அறுவர் வந்து ஒரு வீட்டின் யன்னல்களை உடைத்து, தடுக்க வந்த தகப்பனாரின் கையை வெட்டிவிட்டுச் செல்கின்றனர். அத்தகப்பனார் அந்தப் போட்டியைப் பார்த்ததுகூட இல்லை.

இங்கு ஓர் அறை வாள்வெட்டாக மாறுவதற்கு இடையில் ஐந்து கட்டங்கள் உள்ளன: அறை, படம், உசுப்பேற்றல், கைகலப்பு, வெளியாரை அழைத்தல். இவற்றுள் எந்த ஒரு கட்டத்திலும் யாராவது ஒருவர் குறுக்கிட்டிருந்தால் சங்கிலி அறுந்திருக்கும். படத்தைப் பரப்பாது விட்ட ஒரு மாணவனாலும் அது அறுந்திருக்கலாம். இதனைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

4. பரவலுக்கான காரணங்கள்

(1) போரின் பாதிப்பு: ஏறத்தாழ 26 ஆண்டுகள் நீடித்த போரினால் பல குடும்பங்கள் தந்தையையோ மூத்தோரையோ இழந்தன. ஆயுதம் உள்ளவனே வலியவன் என்ற எண்ணம் சிறுவர் மனதிற் பதிந்தது.

(2) இடப்பெயர்வு: 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவக மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் வெளிநாடுகளிலும் கொழும்பிலும் தங்கிவிட்டனர். புங்குடுதீவு, வேலணை முதலிய இடங்களில் ஆளில்லாத வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் இன்றும் உள. கண்காணிப்பு அற்ற இடம் குற்றத்துக்கு வாய்ப்பளிக்கின்றது.

(3) போதைப்பொருள்: பாக்குநீரிணையூடாகக் கடத்தப்படும் கஞ்சா தீவகக் கரையோரங்களில் கடற்படையினரால் அடிக்கடி கைப்பற்றப்படுகின்றது. ஹெரோயின், ஐஸ் முதலியனவும் மாவா எனப்படும் போதைப்பாக்கும் இளைஞரைச் சென்றடைகின்றன. போதைக்குப் பணம் தேவை. பணத்துக்காகக் களவு, கப்பம், கூலிக்குத் தாக்குதல் என்பன தொடர்கின்றன.

(4) வேலையின்மையும் இடைவிலகலும்: இலங்கையில் 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமாகும். ஆயினும் கடற்றொழிலுக்கோ கூலி வேலைக்கோ செல்வதற்காக இடைவிலகுவோர் உளர். பாடசாலையை விட்டவனைத் தேடி ஆசிரியர் வராவிடின், வேறு யாராவது தேடி வருவர்.

(5) வெளிநாட்டுப் பணமும் பழைய பகையும்: காணிப் பிணக்கு, குடும்பப் பகை, காதல் விவகாரம் ஆகியவற்றுக்காக வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வீடுகளைத் தாக்குவித்த சம்பவங்களும் பொலிஸ் விசாரணைகளில் வெளிவந்துள்ளன.

(6) வீரமாகக் காட்டுதல்: சில திரைப்படங்களும் சமூக ஊடகங்களும் அடிதடியை ஆண்மையாகக் காட்டுகின்றன. வாளால் கேக் வெட்டிப் படமெடுத்துப் பதிவிடுவது விளையாட்டாகத் தொடங்கி, வழக்கில் முடியலாம்.

(7) பொலிசார் மீது நம்பிக்கையின்மை: முறைப்பாடு செய்தும் பயனில்லை, தகவல் கசிந்துவிடும் என மக்கள் அஞ்சுகின்றனர். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸ் காவலில் இருந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தமையும், அது தொடர்பாகப் பொலிசார் சிலர் கைது செய்யப்பட்டமையும் இந்த அவநம்பிக்கையை அதிகரித்தன. நம்பிக்கை குறையும் இடத்தில் ‘நாங்களே பார்த்துக்கொள்வோம்’ என்ற எண்ணம் வளரும்.

5. தீவகத்தின் தனித்தன்மை

தீவுகளின் அமைவு சில பலவீனங்களையும் சில பலங்களையும் தருகின்றது.

பலவீனங்கள்: நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகாட்டுவான் துறையிலிருந்து படகிலேயே செல்ல வேண்டும். இரவில் ஒரு சச்சரவு மூண்டால் வெளியுதவி உடனே வந்து சேராது. கடுங்காயமடைந்தவரை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் நேரமெடுக்கும். அத்துடன், சாட்சி கூறியவரும் எதிராளியும் மறுநாள் அதே படகில், அதே துறையில் முகம் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே பலர் வாய் திறப்பதில்லை.

பலங்கள்: எல்லோரும் எல்லோரையும் அறிவர். அந்நியர் ஒருவர் துறையில் இறங்கினால் அது தெரியவரும். கோயில், தேவாலயம், சனசமூக நிலையம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் சொல்லுக்கு மதிப்புண்டு. இப்பலங்களைப் பயன்படுத்துவதே சமூகத்தின் பங்காகும்.

6. சட்டம் என்ன கூறுகின்றது?

“நான் வெட்டவில்லை, கூடப் போனேன், அவ்வளவுதான்” எனப் பலர் கூறுவர். சட்டம் இதனை ஏற்றுக்கொள்வதில்லை.

• தண்டனைச் சட்டக்கோவையின் 138 ஆம் பிரிவின்படி, சட்டத்துக்கு மாறான பொது நோக்கத்துடன் ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடுவது சட்டவிரோதக் கூட்டமாகும்.
• 146 ஆம் பிரிவின்படி, அப்பொது நோக்கத்தை நிறைவேற்றுவதில் ஓர் உறுப்பினர் செய்யும் குற்றத்துக்கு, அவ்வேளையில் அக்கூட்டத்தில் இருந்த ஒவ்வோர் உறுப்பினரும் பொறுப்பாளியாவர்.
• 32 ஆம் பிரிவின்படி, பொது எண்ணத்துடன் பலர் சேர்ந்து செய்யும் செயலுக்கு ஒவ்வொருவரும் தாமே தனித்துச் செய்ததைப் போன்று பொறுப்பாவர்.
• 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயல் குற்றமாகக் கொள்ளப்படமாட்டாது. சாதாரண தர மாணவர் ஒருவர் அந்த வயதைக் கடந்தவர் என்பதை மறத்தலாகாது.
• பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கென 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சாட்சியை அச்சுறுத்துவது அதன்படி தனிக் குற்றமாகும்.

சட்டத்தின் தண்டனைக்கு அப்பாலும் விளைவுகள் உள. அரச உத்தியோகத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கப்படும். ஒரு மாலைப்பொழுதில் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறியமைக்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றத் தவணைகளுக்கு அலைய நேரிடலாம். பிள்ளையைப் பிணை எடுப்பதற்காகத் தாய் தன் தாலிக்கொடியை அடகு வைக்க நேரிடலாம்.

7. பிற இடங்களில் செய்யப்பட்டவை

(அ) ரொறன்ரோ, கனடா: போரினால் புலம்பெயர்ந்த தமிழ் இளைஞரிடையே 1990களில் அங்கும் எதிரெதிர்க் குழுக்கள் தோன்றின. துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் பறிபோயின. 2001 ஒக்டோபரில் பொலிசார் பாரிய கைது நடவடிக்கையை மேற்கொண்டனர். அதற்கு முன்னரே, 1998 இல், தமிழ் இளைஞர்கள் சிலர் தாமாகவே ஒன்றுசேர்ந்து கனேடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி நிலையத்தை உருவாக்கினர். பாட உதவி, விளையாட்டு, ஆலோசனை என்பவற்றினூடாகத் தம் வயதினரை அவர்கள் அணுகினர். கைது மட்டும் போதாது, மாற்று வழியும் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

(ஆ) கிளாஸ்கோ, ஸ்கொட்லாந்து: கத்திக்குத்துக்குப் பெயர்போன இந்நகரில் 2005 இல் வன்முறைக் குறைப்புப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. 2008 இல் குழு உறுப்பினர்கள் நீதிமன்ற மண்டபம் ஒன்றுக்கு அழைக்கப்பட்டனர். காயங்களுக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியரும், மகனை இழந்த தாயும் அவர்கள் முன் பேசினர். வன்முறையைக் கைவிடுவோருக்குப் பயிற்சியும் வேலைவாய்ப்புக்கான உதவியும் வழங்கப்படும் எனவும், தொடர்வோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் எனவும் கூறப்பட்டது. அடுத்த பத்து ஆண்டுகளில் ஸ்கொட்லாந்தின் கொலைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

8. சமூகம் செய்யக்கூடியவை

குடும்பம்: பிள்ளை இரவில் எங்கு செல்கின்றான், யாருடன் செல்கின்றான் என அறிந்திருத்தல், அடித்துத் திருத்தாது பேசித் திருத்துதல், உழைப்பில்லாத பிள்ளையிடம் புதிய கைத்தொலைபேசியோ மோட்டார் சைக்கிளோ காணப்படின் அது எவ்வாறு வந்தது என விசாரித்தல். வெளிநாட்டிலுள்ள உறவினரும் பணம் அனுப்பும்போது அது எதற்குச் செலவாகின்றது எனக் கேட்க வேண்டும்.

பாடசாலை: தொடர்ந்து வரவு குறையும் மாணவனின் வீட்டுக்கு ஆசிரியர் செல்லுதல், வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரை மாணவர் அச்சமின்றி அணுகக்கூடிய நிலையை ஏற்படுத்துதல், தொழிற்பயிற்சி வாய்ப்புகளை அறிவித்தல். பரீட்சையில் தவறிய மாணவனைக் கைவிடாதிருத்தல் மிக அவசியம்.

கிராம அமைப்புகள்: சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம், ஆலய பரிபாலன சபை ஆகியன பின்வருவனவற்றைச் செய்யலாம்.

• போட்டிக்கும் திருவிழாவுக்கும் முன் இரு கிராமப் பெரியோரும் கூடி ஒழுங்குகளைப் பேசி முடித்தல்
• சிரமதானம் மூலம் வீதியோரப் பற்றைகளை வெட்டுதல். வீதி விளக்குகளுக்காகப் பிரதேச சபையிடம் கோருதல்
• மாணவர்கள், குறிப்பாக மாணவியர், கூட்டாகப் பாடசாலை சென்றுவர ஒழுங்கு செய்தல்
• குற்றம் பற்றிய முறைப்பாட்டைத் தனியொருவர் தலையிற் சுமத்தாது, கிராம அலுவலர் ஊடாகச் சங்கத்தின் பெயரிற் கூட்டாகச் சமர்ப்பித்தல்
• குழுவிலிருந்து விலகி வருபவரை ஒதுக்காது தொழிலிற் சேர்த்துவிடுதல்

மத்தியஸ்த சபை: 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபை காணி, கடன், எல்லை, சிறு கைகலப்பு முதலிய பிணக்குகளை இரு தரப்பினரதும் சம்மதத்துடன் தீர்த்து வைக்கின்றது. இங்கு சட்டத்தரணிக்குச் செலவில்லை. வேலிச் சண்டை வாளுக்குச் செல்லும் முன் இங்கு செல்வதே அறிவுடைமையாகும். ஆனால் வாள்வெட்டு, கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற பாரிய குற்றங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கப்படலாகாது. அவை நீதிமன்றத்துக்கே உரியன.

9. மாணவராக நீங்கள் செய்யக்கூடியவை

முன்னர் கூறிய ஐந்து கட்டங்களை மீண்டும் நினைவுகூர்க. உங்கள் கையில் உள்ளவை நடுவில் அமைந்த கட்டங்களே.

1. சண்டைப் படத்தைப் பகிராதிருங்கள்.
2. உசுப்பேற்றாதிருங்கள். “விடடா, வீட்ட போவம்” என்ற ஒரு சொல் போதும்.
3. நடைபெறும் சண்டைக்குள் தனியே பாயாதீர்கள். பெரியவர் ஒருவரை அழையுங்கள். 119 இற்கு அறிவியுங்கள்.
4. உங்களையோ நண்பரையோ யாராவது குழுவில் சேருமாறு வற்புறுத்தினால் நம்பிக்கையான ஆசிரியரிடம் கூறுங்கள். சிறுவர் உதவிக்கு 1929, போதைப்பொருள் ஆலோசனைக்கு 1927, மனநல உதவிக்கு 1926 ஆகிய இலக்கங்களை அழைக்கலாம்.
5. காட்டிக்கொடுத்தல் வேறு, உயிரைக் காப்பாற்றத் தகவல் கூறுதல் வேறு என்பதை உணருங்கள்.

தொகுப்பு

வன்முறைக் குழுக்கள் ஒரே இரவில் தோன்றுவதில்லை. போரின் பாதிப்பு, போதைப்பொருள், வேலையின்மை, அவநம்பிக்கை ஆகியன சேர்ந்து அவற்றுக்கு இடமளிக்கின்றன. பொலிசாரும் நீதிமன்றமும் குற்றம் நடந்த பின்னரே பெரும்பாலும் வருகின்றனர். குற்றம் நடப்பதற்கு முந்திய நாட்களில் அங்கு இருப்பவர்கள் பெற்றோரும், ஆசிரியரும், அயலவரும், நண்பர்களுமே. அந்நாட்களை எவ்வாறு பயன்படுத்துகின்றோம் என்பதிலேயே எமது கிராமங்களின் பாதுகாப்பு தங்கியுள்ளது.

பயிற்சி வினாக்கள்

1. வன்முறைக் குழுவின் இயல்புகள் மூன்றினைக் குறிப்பிடுக.
2. ‘வன்முறை ஒரு தொற்றுநோய் போன்றது’ – இக்கூற்றைப் பாடத்திலுள்ள கற்பனை நிகழ்வைக் கொண்டு விளக்குக.
3. (அ) சட்டவிரோதக் கூட்டம் என்றால் என்ன? (ஆ) “கூடப் போனேன், அவ்வளவுதான்” என்ற வாதம் ஏன் ஏற்கப்படுவதில்லை?
4. தீவகத்தின் அமைவு வன்முறையைத் தடுப்பதில் தரும் பலங்கள் இரண்டினையும் பலவீனங்கள் இரண்டினையும் எழுதுக.
5. மத்தியஸ்த சபைக்குக் கொண்டு செல்லக்கூடிய பிணக்குகள் இரண்டும், கொண்டு செல்லக்கூடாத குற்றங்கள் இரண்டும் தருக.
6. உமது கிராமத்தில் ஆலயத் திருவிழா நடைபெறவுள்ளது. சென்ற ஆண்டு இரு இளைஞர் குழுக்களுக்கு இடையில் மோதல் ஏற்பட்டது. இவ்வாண்டு அதனைத் தவிர்ப்பதற்குச் சனசமூக நிலையம் மேற்கொள்ளக்கூடிய நடவடிக்கைகள் நான்கினைத் திட்டமிட்டு எழுதுக.

குறிப்பு: ஆறாம் வினாவுக்கு விடையளிக்கும்போது பொதுவான அறிவுரைகளை எழுதாது, யார், எப்போது, என்ன செய்வது எனத் தெளிவாகக் குறிப்பிடுக. எழுதிய விடையை உங்கள் கிராமத்துப் பெரியவர் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பதும் நன்று.